மேட்டில் இறங்கும் முள்

மரவாடிக்காரரின் பிக்கப்பைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைத்துச் சொன்னால் அவர் பதில் பேச மாட்டார். எழுந்து போய், தோளில் கிடக்கும் துணியால் அதன் பானட்டைத் துடைத்துவிட்டு வருவார். அவர் துடைக்கும் விதத்திலேயே சொன்னவருக்குத் தெரிந்துவிடும், இந்த வீட்டில் இனித் தனக்கு இரண்டாவது காபி கிடையாது என்று.

வண்டி பழையது என்பதை அவரும் மறுப்பதில்லை. மகளைப் பள்ளியில் சேர்த்த வருஷம் வாங்கியது. பச்சை நிறம் வெயிலில் வெளுத்து, எந்தப் பக்கமிருந்து பார்க்கிறோமோ அதற்கேற்ப ஒரு நிறம் காட்டும். கண்ணாடியை இறக்க வேண்டுமானால் ஒரு கையால் கதவை உள்ளுக்கு அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் சுற்ற வேண்டும். ஆனால் இழுவை என்று வந்துவிட்டால் அதன் கிட்டே இன்னொரு வண்டி நிற்க முடியாது என்பது அவர் தீர்மானம். வாடி நடந்த நாளெல்லாம் அடிமரம் ஏற்றிய டிரெய்லரைப் பின்னால் கட்டிக்கொண்டு முனகாமல் வந்த வண்டி அது. அதிலும் அதன் மைலேஜைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்கு முகமே மாறிவிடும். புது வண்டிகள் செம்பைக் கவிழ்த்த மாதிரி டீசல் குடிக்கும், இது நாக்கை நனைத்துக்கொள்ளும், அவ்வளவுதான் என்பார். வாடியை மூடிவிட்டு ஓய்ந்து உட்கார்ந்த பிறகும் பிக்கப்பை மட்டும் அவர் விடவில்லை. விற்றுவிடலாமே என்று மனைவி ஒரு தடவை கேட்டாள். அன்று பானட் இரண்டு தடவை துடைக்கப்பட்டது.

வம்பு வந்ததும் இந்த வண்டியைப் பற்றி அவர் வாயிலிருந்து விழுந்த ஒரு வார்த்தையால்தான்.

மகளைக் கட்டிக்கொடுத்த வீடு மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் இருந்தது. மகளும் மாப்பிள்ளையும் ரொட்டிக் கடை வைப்பதென்று முடிவு செய்து, வீட்டின் முன்னறையைக் கடையாக மாற்றிவிட்டார்கள். அடுப்பை மட்டும் மலைக்கு இந்தப் பக்கம், மரவாடிக்காரர் ஊருக்கு அடுத்த ஊரில், அடுப்புக் கட்டுவதில் கைதேர்ந்த ஒருவரிடம் செய்யக் கொடுத்திருந்தார்கள். சந்தை கூடும் இடத்துக்கும் இழுத்துக்கொண்டு போகலாம் என்று அதை ஒரு டிரெய்லர் மேலேயே கட்டச் சொல்லியிருந்தார் மாப்பிள்ளை. வெளியே இரும்பு, உள்ளே செங்கல். கனம் என்றால் அப்படி ஒரு கனம்.

அதை எப்படிக் கொண்டுவருவது என்ற பேச்சு மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எழுந்தது. லாரி பேசலாம் என்றார் மாப்பிள்ளை. நம் வண்டி இருக்க லாரி எதற்கு என்றார் மரவாடிக்காரர்.

மாப்பிள்ளையின் அம்மா சிரித்தார். அவர் மனசில் விஷம் கிடையாது, நாக்கில்தான் கொஞ்சம் உப்பு அதிகம். "எந்த வண்டி? போன தடவை எங்க வாசல்ல எண்ணெய்ப் பொட்டு வெச்சுட்டுப் போச்சே, அதுவா?" என்றார்.

மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். மரவாடிக்காரருக்கு எழுந்து போய் பானட்டைத் துடைக்க வேண்டும் போல இருந்தது. சம்பந்தி வீட்டில் கையில் சோற்றோடு எழ முடியாது.

அவருக்கு அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு மனத்தாங்கல் உண்டு. மகளுக்கென்று தன் வாடியின் கடைசி நல்ல மரத்தை எடுத்து, தானே நின்று இழைக்கச் சொல்லி, ஓர் அலமாரி செய்து கொடுத்திருந்தார். அந்த வீட்டில் இருந்த பொருளெல்லாம் புதுசு, பளபளப்பு. அதோடு சேரவில்லை என்று அலமாரியைப் பின்கட்டு அறையில் போட்டுவிட்டார்கள். யாரும் அவரிடம் அதைச் சொல்லவில்லை. கை கழுவப் போகும்போது அவரே பார்த்துக்கொண்டார். தன் வீட்டிலிருந்து வந்த பொருள் ஒன்றாவது இந்த வீட்டின் முன்னால் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று அன்று நினைத்தது இன்று வாயில் வந்துவிட்டது.

"அதே வண்டிதான் சம்பந்தியம்மா. ஒரே டேங்க்ல இழுத்துக்கிட்டு வந்து உங்க வாசல்ல நிறுத்தறேன். நடுவுல ஒரு சொட்டு ஊத்தினா, அதுக்கப்புறம் அந்த வண்டியைப் பத்தி நான் வாயைத் திறக்க மாட்டேன்."

மேசைக்கு அடியில் மனைவி அவர் காலை மிதித்தாள். சொல் வெளியே போன பிறகு மிதித்து என்ன பயன். வாக்குக் கொடுத்தால் அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. பார்த்தால் இரந்து கேட்பது போல ஆகிவிடும். அன்றும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் மகள் முகம் அப்போது எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியாது.

சம்பந்தியம்மாவே முடித்து வைத்தார். "சரி, இவரையும் கூட்டிட்டுப் போங்க. துணையா இருக்கும்." இவர் என்றது தன் கணவரை. துணை என்று சொன்னது சாட்சியை என்பது மேசையிலிருந்த குழம்புக் கிண்ணத்துக்குக்கூடப் புரிந்தது.

சம்பந்தி மருந்துக்கடை வைத்திருப்பவர். கடையை மகனிடம் விடலாம் என்றால் மகன் ரொட்டி சுடப் போகிறேன் என்கிறான். அதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேச்சு குறைவு. ஊரார் உடம்பின் ரகசியமெல்லாம் கேட்டுக் கேட்டு, எதையும் உள்ளேயே வைத்துப் பூட்டிப் பழகியவர். சட்டைக் கைப்பொத்தானை மணிக்கட்டுவரை பூட்டியிருப்பார். அப்படிப்பட்டவர் முதல் நாளே பஸ் ஏறி வந்து, மரவாடிக்காரர் வீட்டில் தங்கி, காலையில் மடிப்புக் கலையாத சட்டையோடு பிக்கப்பில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பெட்ரோல் பங்கில் டேங்க்கைக் கழுத்துவரை நிரப்பச் சொன்னார் மரவாடிக்காரர். சம்பந்தி பார்க்கட்டும் என்று மூடியைத் தாமே சாவகாசமாகத் திருகினார். சம்பந்தி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சாட்சி சொல்ல வந்தவர் போலவே அவர் நடந்துகொள்ளவில்லை. அதுதான் மரவாடிக்காரருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அடுப்புக்காரர் பட்டறையில் டிரெய்லரைக் கொக்கியில் மாட்டி, சங்கிலி போட்டு, பின்விளக்கு எரிகிறதா என்று பார்த்து முடிக்கையில் வெயில் ஏறிவிட்டது. அடுப்புக்கு ஊதுகாற்று வேண்டும், அதற்கு ஒரு சின்ன ஜெனரேட்டர், அதற்கென்று ஒரு கேன் எரிபொருள் என்று அடுப்புக்காரர் இரண்டையும் பிக்கப்பின் பின்தட்டில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தார். கேன் நீல நிறம். அதன் மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை.

சமவெளியில் வண்டி அலுங்காமல் போயிற்று. கண்ணாடியைத் திறந்து வைத்தால் காற்று பிடித்து மைலேஜ் குறையும் என்பதால் மரவாடிக்காரர் திறக்கவில்லை. உள்ளே அடுப்புக்குள் இருப்பது போல இருந்தது. சம்பந்திக்கு நெற்றியிலிருந்து காது வழியாக வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது.

"கண்ணாடியை வேணா இறக்கட்டுங்களா சம்பந்தி?"

"வேண்டாம் வேண்டாம். எனக்குக் காத்து ஒத்துக்காது."

"எனக்கும்தான்."

இருவரும் மரியாதை கெடாமல் வெந்துகொண்டே மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஏற்றம் தொடங்கியதும் பிக்கப் குரலை மாற்றியது. மரவாடிக்காரர் இரண்டாவது கியரில் போட்டு, காலை அழுத்தாமல், பின்னால் வரும் கனத்தைத் தன் முதுகால் உணர்ந்துகொண்டு ஓட்டினார். அப்போதுதான் டீசல் முள் இறங்க ஆரம்பித்தது. அந்த வண்டியின் குணம் அது. மேட்டில் ஏறும்போது டேங்க்கில் இருக்கும் டீசலெல்லாம் பின்பக்கம் ஒதுங்கிவிடும். முள் பாதிக்கும் கீழே வரும், செங்குத்தான இடத்தில் சிவப்பைத் தொடும். சமதளம் வந்ததும் ஒன்றும் நடக்காதது போல எழுந்து தன் இடத்தில் நிற்கும். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். மகள் இந்த வண்டியில்தான் ஓட்டக் கற்றாள். முள் சிவப்புக்கு வந்த அன்று முதல் தடவை பயந்து அழுதவள், பிறகு அதற்குத் தூங்குமூஞ்சி முள் என்று பெயரே வைத்திருந்தாள்.

சம்பந்திக்கு இது தெரியாது. அவர் கண் முள்ளுக்குப் போயிற்று. உடனே ஜன்னலுக்குத் திரும்பியது. சற்றுப் பொறுத்து மறுபடி முள்ளுக்கு வந்தது. மரவாடிக்காரர் ஓரக்கண்ணால் அதைப் பார்த்தார். சாட்சி வேலை தொடங்கிவிட்டது என்று நினைத்தார். முள் ஏன் இறங்குகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் சாக்குச் சொல்வது போல இருக்கும். தாடையை இறுக்கிக்கொண்டு நேரே பார்த்து ஓட்டினார்.

கடைசி ஏற்றத்துக்கு முன்னால் சாலை கொஞ்சம் சமமாகிற இடத்தில் ஒரு தேநீர்க் கடை இருந்தது. அங்கே நிறுத்தினார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்டு வாங்கவும் முகம் கழுவவும் கடைக்குப் பின்னால் போனார். கடைக்காரர் குழாயடியைக் காட்டிவிட்டுத் தன் மருமகனைப் பற்றி ஒரு பாட்டம் குறை சொன்னார். நாகரிகம் பார்த்துக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு மரவாடிக்காரர் வந்தபோது, சம்பந்தி வண்டியின் பின்பக்கம் நின்று கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சங்கிலி சரியா இருக்கான்னு சும்மா பார்த்தேன்" என்றார். அவருடைய சட்டைக் கை ஒரு பக்கம் நனைந்திருந்தது. கை கழுவியிருப்பார் என்று மரவாடிக்காரர் எண்ணினார்.

சாவியைத் திருப்பியதும் முள் எழுந்தது. வழக்கமாக எழுவதைவிடச் சற்று உயரமாகவே எழுந்து நின்றது. மரவாடிக்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை கனத்தை இழுத்தும் இவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறதே என்று அதன் ஸ்டியரிங்கை ஒரு தட்டுத் தட்டினார்.

"பார்த்தீங்களா சம்பந்தி? கொஞ்சம் மூச்சு வாங்க விட்டதும் முள்ளு தானா ஏறிடுச்சு."

"ஆமா சம்பந்தி" என்றார் மருந்துக்கடைக்காரர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. "ரொம்ப நல்ல வண்டி."

அதைக் கேட்டு மரவாடிக்காரர் உள்ளம் குளிர்ந்து, கதவை அழுத்திப் பிடித்துக் கண்ணாடியை ஒரு சாண் இறக்கினார்.

அந்தக் குளிர்ச்சி கடைசி ஏற்றத்தின் பாதிவரை கூட வரவில்லை. எஞ்சினுக்குள் யாரோ கூழாங்கல்லைக் கொட்டிக் குலுக்குவது போலச் சத்தம் கேட்டது. கால் அழுத்த அழுத்த வண்டி இழுக்க மறுத்தது. பின்னால் வெள்ளைப் புகை. ஒரு குலுக்கல், இன்னொரு குலுக்கல், அப்புறம் ஒன்றுமில்லை. காற்றுச் சத்தம் மட்டும்தான்.

மரவாடிக்காரர் பிரேக்கை மிதித்து, கைப்பிரேக்கையும் இழுத்துப் பிடித்துக்கொண்டார். பின்னால் அத்தனை கனம், கீழே இறக்கம். "சம்பந்தி, கட்டை" என்று மட்டும்தான் சொன்னார். தெருவில் வேகமாக நடந்துகூட யாரும் பார்த்திராத மருந்துக்கடைக்காரர் குதித்து ஓடி, பின்தட்டில் கிடந்த மரக்கட்டைகளை எடுத்து டிரெய்லர் சக்கரத்துக்கு ஒன்று, பிக்கப் சக்கரத்துக்கு ஒன்று என்று வைத்துக் காலால் உதைத்து இறுக்கினார்.

மரவாடிக்காரர் இறங்கிப் பானட்டைத் திறந்தார். இருபுறமும் வெறும் புல்சரிவு. பிறகு டீசல் பில்டரின் அடித்திருகைத் தளர்த்தி, ஒழுகியதை உள்ளங்கையில் பிடித்தார். டீசல் என்றால் கையில் எண்ணெயாய் நிற்கும், துடைத்தாலும் போகாது. இது கையைச் சில்லென்று ஆக்கிவிட்டு அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதி உலர்ந்து போயிற்று. மூக்கருகே கொண்டுபோனார். பெட்ரோல்.

முதலில் பங்க்காரர்மேல் சந்தேகம் வந்தது. அப்படி இருந்தால் வண்டி மலையடிவாரம்கூட வந்திருக்காது. பின்னால் போய்ப் பார்த்தார். ஜெனரேட்டர் கட்டியது கட்டியபடியே இருந்தது. நீலக் கேனின் கயிறு மட்டும் அவிழ்த்து மறுபடி முடியப்பட்டிருந்தது. மருந்துப் பொட்டலம் கட்டுகிற மாதிரிச் சின்ன, அழகான முடிச்சு. கேனைத் தூக்கினார். காற்றாக வந்தது.

திரும்பினார். சம்பந்தி சாலையோரத்தில் நின்று, கைக்குட்டையை நாலாக, எட்டாக மடித்துக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி, அது நான்தான்" என்றார்.

மரவாடிக்காரர் காலிக் கேனைக் கீழே வைத்தார்.

"முள்ளு சிவப்புக்கு வந்துடுச்சு. நீங்க அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஓட்டிக்கிட்டு இருந்தீங்க. வாக்குக் கொடுத்த மனுஷன் எப்படி பங்க்ல நிறுத்துவார்னு எனக்குப் புரிஞ்சுது. நான் ஊத்திட்டா உங்க வாக்குக்குக் கெடுதல் இல்லையே. உங்களுக்கே தெரியாதே."

"அது பெட்ரோல்."

"இப்ப தெரியுது. எங்க கடைக்கு எதிர்த்த ஆஸ்பத்திரியில ஜெனரேட்டர் டீசல்லதான் ஓடும். இதுவும் அப்படித்தான்னு நினைச்சுட்டேன். யார்கிட்டயாவது கேட்டிருக்கலாம். கேட்டா விஷயம் வெளிய வந்துடுமே. மோந்து பார்த்தேன். மருந்து வாசனையில இந்த மூக்கு மரத்துப் போய் எத்தனையோ காலமாச்சு." அவர் குரல் இறங்கியது. "இத்தனை வருஷக் கடையில ஒரு புட்டி மாத்திக் கொடுத்ததில்ல சம்பந்தி. லேபிள் இல்லாத எதையும் கையால தொட்டதில்ல. இன்னிக்குத் தொட்டேன்."

மரவாடிக்காரருக்குக் கோபம் தொண்டைவரை வந்து நின்றது. வேறு யாராக இருந்தாலும் அந்த மலை கேட்டிராத வார்த்தையெல்லாம் கேட்டிருக்கும். அந்த முள் மேட்டில் இறங்குகிற முள்ளய்யா, டேங்க்கில் வேண்டியது இருந்தது, என் வண்டி ஒரே டேங்க்கில் போய்ச் சேர்ந்திருக்கும், உங்கள் அவசரத்தால் என் வாக்குக் கெட்டது என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டார்.

சம்பந்தி அவரைப் பார்க்காமலே பேசிக்கொண்டு போனார். "எங்க வீட்டம்மா சிரிப்பா. கெட்ட எண்ணம் கிடையாது, அவ சுபாவம் அது. அவ சிரிச்சா உங்க பொண்ணும் கூடச் சேர்ந்து சிரிக்கும். அன்னிக்கு மேசையிலயும் அப்படித்தான் சிரிச்சுது. அப்புறம் எழுந்து பின்கட்டுக்குப் போய், நீங்க கொடுத்தீங்களே அந்த அலமாரி, அதை ஒரு துணி எடுத்துத் துடைக்கும். தூசியே இருக்காது. ஆனாலும் துடைக்கும். நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியறதில்ல. இந்தத் தடவை அப்படி ஆகாம இருந்தா நல்லா இருக்குமேன்னு பார்த்தேன்."

மரவாடிக்காரர் திறந்த வாயை மூடினார். தோளில் கிடந்த துணியைத் தம்மையறியாமல் கையில் பிடித்திருந்தார். தன்னிடமிருந்து மகளுக்குப் போனது என்று அந்த அலமாரியைத்தான் இதுவரை நினைத்திருந்தார். துணியும் போயிருக்கிறது. அதை ஒருவர் வெளியே சொல்லாமல் தினமும் பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறார். மகளை விட்டுவிட்டு வந்த அந்தப் பளபளப்பான வீட்டில் அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று வண்டியில் திரும்பும்போதெல்லாம் மனைவியிடம் சொல்லாமல் நினைத்துக்கொண்டு வருவாரே, அதற்கு இந்தச் சாலையோரத்தில் பதில் நின்றுகொண்டிருந்தது, நனைந்து உலர்ந்த சட்டைக் கையோடு.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க" என்றார் சம்பந்தி. "நான் ஊத்தாம இருந்திருந்தா, இருந்தது போதுமா இருந்திருக்குமா?"

"போதாது" என்றார் மரவாடிக்காரர். தன் வண்டியைப் பற்றித் தம் வாயால் சொன்ன முதல் குறை அது. "தேநீர்க் கடை தாண்டினதுமே நின்னிருக்கும். நீங்க ஊத்தினதாலதான் இவ்வளவு தூரமாவது வந்தது."

சம்பந்தி முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. மகனைக் கூப்பிடுகிறேன் என்று போனை எடுத்தார். மரவாடிக்காரர் கையை நீட்டித் தடுத்தார். மாப்பிள்ளைக்குத் தெரிந்தால் வீட்டுக்குத் தெரியும், வீட்டுக்குத் தெரிந்தால் மருந்துக்கடைக்காரர் புட்டி மாற்றிய கதை ஊருக்குத் தெரியும், பேரப்பிள்ளை காலம்வரை ஊர் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே இருக்கும். நீங்கள் ஏதாவது வண்டியில் ஏறிக் கீழே போய் டீசல் வாங்கிக்கொண்டு வாருங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, வந்த ஒரு லாரியை நிறுத்தி ஏற்றிவிட்டார்.

அவர் கண் மறைந்த பிறகுதான் டேங்க்கின் அடித்திருகைக் கழற்றினார். அதற்கு முன்னால் கழற்றியிருந்தால் எவ்வளவு வருகிறது என்று சம்பந்தியும் பார்த்திருப்பார். பின்தட்டில் கிடந்த மூடி போட்ட பழைய பெயிண்ட் வாளிகள் ஒவ்வொன்றாக நிறைந்தன. கேனில் இருந்ததைக் கழித்துப் பார்த்தாலும், மலை ஏறி இறங்கி, வீடு போய்ச் சேர்ந்து, ஒரு நடை கடைத்தெருவுக்கும் போய் வரலாம் என்கிற அளவு. மரவாடிக்காரர் வாளிகளைப் பெருமையோடு பார்த்தார். பிறகு மூடியை அழுத்தி, படுதாவைப் போட்டு மூடினார்.

சம்பந்தி ஒரு பால் வண்டியில் வந்து இறங்கினார். கையில் புதுக் கேன். அதன் வயிற்றில் ஒரு தாளை ஒட்டி, மருந்துச் சீட்டில் எழுதுகிற வட்ட வட்டமான எழுத்தில் டீசல் என்று எழுதி, கீழே கோடும் போட்டிருந்தார்.

"பங்க்ல மூணு பேர்கிட்ட கேட்டுட்டேன்" என்றார். மரவாடிக்காரர் சிரித்துவிட்டார். சம்பந்தியும் சிரித்தார். சம்பந்தியின் பல்வரிசையை மரவாடிக்காரர் பார்த்தது அன்றுதான்.

டேங்க்கை ஒரு தடவை அலசி, ஊற்றி, பில்டரைக் கழுவி மாட்டினார்கள். குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றக் கைப்பம்பை அமுக்க வேண்டும். அதைத் தாமே செய்வதாகச் சம்பந்தி சட்டைக் கையை முழங்கைவரை மடித்தார். ஆயுள் முழுக்கக் கல்வத்தில் மருந்து அரைத்த கை. அவசரமில்லாமல், தாளம் தவறாமல், ஒரே சீராக அமுக்கியது. திருகின் ஓரத்தில் நுரை வந்தது, குமிழி வந்தது, கடைசியில் குமிழி இல்லாத டீசல் வந்தது. இவ்வளவு சீராக அமுக்குகிற கையை வாடியில் தாம் பார்த்ததில்லை என்றார் மரவாடிக்காரர். அது உபசாரம் இல்லை, உண்மை.

சாவியைத் திருப்பியதும் வண்டி இருமியது, புகை கக்கியது, மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. கண்ணாடிகள் இரண்டையும் அடிவரை இறக்கிவிட்டு உச்சியைத் தாண்டினார்கள். இனி எதற்கு மைலேஜ்.

மலை இறங்கும் வழியெல்லாம் சம்பந்தி ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னார். வீட்டில் உண்மையைத் தாமே சொல்லிவிடுவதாக. தம்மால் இன்னொருவர் வாக்குப் போனது என்று இருக்கக் கூடாது என்றார். மரவாடிக்காரர் காற்றில் கேட்கவில்லை என்பது போல ஓட்டினார்.

வாசலில் எல்லோரும் நின்றிருந்தார்கள். அடுப்பு முன்னறைக்கு நேராக வந்து நின்றது. மாப்பிள்ளை ஓடி வந்து இரும்பைத் தடவிப் பார்த்தார். மகள் அடுப்பைப் பார்க்கவில்லை, அப்பா முகத்தைப் பார்த்தாள். சம்பந்தியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என்ன சம்பந்தி, ஒரே டேங்க்தானா?" என்றார்.

மருந்துக்கடைக்காரர் கதவைத் திறந்து இறங்கும்போதே, "அது வந்து, நான்தான்" என்று ஆரம்பித்தார்.

மரவாடிக்காரர் குரலை உயர்த்தி அதன்மேல் பேசினார். "இல்ல சம்பந்தியம்மா. டேங்க் பத்தல. மேட்டுல நின்னுடுச்சு, நடுவுல ஊத்தித்தான் கொண்டுவந்தேன். சம்பந்தி மட்டும் கூட வரலேன்னா இன்னும் மலைமேலதான் நின்னுக்கிட்டு இருப்பேன். அவர்தான் போய் டீசல் வாங்கிட்டு வந்தார், அவர்தான் பம்ப்பும் அடிச்சார்."

இதைச் சொல்லும்போது அவர் இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துச் சொன்னார்.

சம்பந்தியம்மா சிரித்தார். "அப்போ இனிமே வண்டியைப் பத்தி வாயைத் திறக்க மாட்டீங்க?"

"திறக்க மாட்டேன். சொன்னா சொன்னதுதான்."

அவர் கை தோளில் கிடந்த துணிக்குப் போயிற்று. போய், அங்கேயே நின்றது. வாயால் பேசாவிட்டால் போதுமா, துடைப்பதும் பேச்சில் சேர்த்திதானா என்று அவருக்கே தெரியவில்லை.

மகள் மாமனார் பக்கம் போனாள். அவர் சட்டைக் கையில் பெட்ரோல் வாடை அடித்தது. "மாமா, அந்தச் சட்டையைக் கழட்டிக் கொடுங்க, ஊற வெக்கறேன். இதோட அடுப்புப் பக்கம் போயிடாதீங்க" என்று தணிந்த குரலில் சொன்னாள். அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. அவர் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டையைக் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் பனியனோடு நின்றபடி, பல வருஷமாக உள்ளே பூட்டி வைத்திருந்த ஒன்றை எடுப்பது போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"சுட்ட ரொட்டியை எதுல அடுக்கப் போறீங்க? பின்கட்டுல நல்ல மரத்துல ஒரு அலமாரி இருக்கே. அதை முன்னால கொண்டுவந்து போடுங்க."

சம்பந்தியம்மா ஏதோ சொல்ல வந்து, கணவர் வீட்டு விஷயத்தில் ஒரு யோசனை சொல்லிவிட்ட ஆச்சரியத்தில் அதை மறந்து போனார். மாப்பிள்ளை, அது சரியான அளவுதான் என்று உள்ளே அளக்கப் போனார்.

மகள் அப்பாவின் தோளிலிருந்த துணியை எடுத்தாள். பிக்கப்பின் முன்னால் போய், புகையும் தூசியும் படிந்திருந்த பானட்டை ஒரு மூலையிலிருந்து துடைக்க ஆரம்பித்தாள். எல்லோர் முன்னிலையிலும், தெருவாசலில், அவசரமே இல்லாமல் துடைத்தாள். மரவாடிக்காரர் பக்கத்தில் போய் நின்றார்.

அவள் தலை நிமிராமல் கேட்டாள். "தூங்குமூஞ்சி முள்ளைப் பத்தி மாமாகிட்ட சொல்லலியாப்பா?"

"சொல்லல."

"நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம்மா. அவருக்கு அது தெரியவே கூடாது."

அவள் சரி என்று தலையசைத்தாள். மறுகையிலிருந்த மாமனாரின் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, முகவிளக்கின் ஓரத்தில் அழுத்தித் துடைத்தாள்.